பேரரசரின் பூனைக்கு ஒரு குழி

பேரரசரின் பூனை செத்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் ஆன பிறகு, அதற்காகத் துக்கம் காக்கும்படி யேசுதாசனிடம் கேட்கப்பட்டது. கேட்டது அவர் வேலைசெய்த அருங்காட்சியகம். மறுக்கலாமா என்று அவர் விசாரித்தார். மறுக்க அவருக்கு முழு உரிமையும் உண்டு என்றும், ஆனால் மறுப்பவர்களுக்கான நடைமுறை இன்னும் வகுக்கப்படவில்லை என்றும் பதில் வந்தது.

அருங்காட்சியகம் இருந்த நகரம் சுவிஸில், ஓல்டனிலிருந்து ரெயிலில் இரண்டு தரிப்பு தள்ளி, ஆரே ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்பு அங்கே பொத்தான் தொழிற்சாலை நடத்திய குடும்பம் ஒன்று பீக்கிங்கில் அள்ளிக்கொண்டு வந்த சாமான்களை, கடைசி வாரிசு நகரசபையின் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நகரசபை அவற்றை ஒரு கட்டடத்தில் அடுக்கி அருங்காட்சியகம் என்று பெயர் வைத்தது. பேரரசியின் குட்டை நாய்க்குத் தைத்த பட்டுச்சட்டை, மாரிகாலத்தில் அரசகுமாரர்கள் மடிக்குள் வைத்துப் பாட்டுக் கேட்ட சில்வண்டுகளின் சுரைக்குடுவைகள், அரண்மனை யானையின் கால்நகம் ஒன்று, இவற்றுக்கு நடுவில் ஒரு கதிரை. கதிரையில் யேசுதாசன். பாசையூரிலிருந்து அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, முதியோர் இல்லத்தில் தரை துடைத்து, முழங்கால் இரண்டும் பழுதான பிறகு கிடைத்த வேலை அது. தொடவேண்டாம் என்று மூன்று மொழியில் சொல்லத் தெரிந்தால் போதும். மழைநாளில் ஆறேழு பேர் வருவார்கள். வெயில்நாளில் அவர்களும் வரமாட்டார்கள்.

2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் பண்டகசாலையைத் துப்புரவாக்கியபோது ஓர் அரக்குப்பெட்டி அகப்பட்டது. மஞ்சள் பட்டில் சுற்றிய சின்ன எலும்பு ஒன்று உள்ளே இருந்தது. மூடியில் பொத்தான் குடும்பத்துக் கிழவர் "பேரரசரின் பூனை" என்று எழுதி ஒட்டியிருந்தார்.

பணிப்பாளர் டொக்டர் எகன்ஷ்விலர் அம்மையார் அன்றிலிருந்து கால் நிலத்தில் படாமல் நடந்தார். மிங் வம்சத்துப் பேரரசர் ஒருவர் பூனைப் பைத்தியமாக இருந்தாராம். அவருடைய செல்லத்துக்கு உடம்பெல்லாம் சாம்பல், புருவம் மட்டும் வெள்ளை. அதனால் பனிப்புருவம் என்று பெயர். பேரரசர் எங்கே போக நினைக்கிறாரோ அங்கே அது முன்னால் போய் நிற்கும். அவர் எழும்பும்வரை கால்மாட்டில் அசையாமல் கிடக்கும். அது செத்தபோது தங்கப்பெட்டி செய்து, மலையில் புதைத்து, சபையின் அறிஞர்களைக் கூப்பிட்டு இரங்கற்பா எழுதச் சொன்னார். எல்லோரும் தூரிகையைக் கடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் அது சிங்கமாக வாழ்ந்து டிராகனாக மாறிப்போயிற்று என்று எழுதிக் கொடுத்துப் பதவி உயர்வு வாங்கினார். இந்தக் கதையை அம்மையார் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். பக்கத்தில் கதிரையில் இருந்து கேட்ட யேசுதாசனுக்கு, கதையில் பழகிய முகமாகத் தெரிந்தவர் அந்தப் பதவி உயர்வுக்காரர் மட்டுந்தான்.

பனிப்புருவத்தின் மாண்புக்கான ஆணைக்குழு என்று ஒன்று அமைந்தது. "எங்கள் அரசியலமைப்பு உயிரினத்தின் மாண்பைக் காக்கச் சொல்கிறது," என்றார் அம்மையார். "உயிரோடு இருக்கும் உயிரினம் என்று அதில் எங்கும் எழுதியில்லை." குழுவில் ஒரு தத்துவப் பேராசிரியர், ஒரு மிருகவைத்தியர், நகரசபையிலிருந்து ஹெர் பூசர். சிக்கனத்துக்காக ஒன்றாக்கப்பட்ட பண்பாடு, மயானம், நாய்வரி ஆகிய மூன்றுக்கும் பொறுப்பானவர் பூசர். பூனையின் பூர்வீகச் சமூகத்திலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று விதி இருந்தது. ஓல்டனில் சீன உணவகம் வைத்திருந்தவரைக் கேட்டார்கள். தான் மலேசியாக்காரன் என்றும் சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்றும் சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகுதான் அம்மையார் யேசுதாசனின் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஹெர் யேசுதாசன், நீங்கள் ஆசியர் அல்லவா?"

"நான் யாழ்ப்பாணம்."

"அதே கண்டம்," என்று அம்மையார் மகிழ்ச்சியோடு சொன்னார்.

இப்படித்தான் யேசுதாசன் ஆணைக்குழுவில் ஏறினார். கறுப்புக் கழுத்துப்பட்டி ஒன்று கொடுத்தார்கள். பெட்டியின் பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் அதைக் கட்டியிருக்க வேண்டும். முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, வழக்கம்போல இருந்தால் போதும், அதுவே மிகப் பொருத்தம் என்றார் அம்மையார்.

அந்தச் சித்திரையில், உயிர்த்த ஞாயிறன்று, மனைவி இமெல்டாவின் கல்லறைக்குப் பூ வைக்க மகள் சரணியாவோடு போனார். இமெல்டா 1998இல் இறந்தபோது சரணியாவுக்கு மூன்று வயது. இப்போது பீல் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. தாயின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. சின்ன வயதில் அந்தச் சாம்பல் கல்லில் பொறித்த எழுத்துகளை விரலால் தடவித்தான் தமிழே படித்தாள். அன்று கல்லுக்கு முன்னால் மண்ணில் ஒரு தகரத்தகடு குத்தியிருந்தது. மயான நிர்வாகத்தோடு தொடர்புகொள்ளவும் என்று அதில் இருந்தது.

நிர்வாகம் என்றால் ஹெர் பூசர்தான். அவர் நல்ல மனிதர். கதிரை தந்தார், கோப்பி தந்தார்.

"உங்கள் மனைவி இருபது வருடம் இளைப்பாறியிருக்கிறார்," என்றார். "முழுமையான இருபது வருடம். எங்கள் ஒழுங்குவிதி அதற்கு உத்தரவாதம் தருகிறது. அதற்குப் பிறகு இறந்தவர்களுக்கு அந்தத் தேவை இருப்பதில்லை."

"அது எப்படித் தெரியும்?" என்று சரணியா சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்.

"ஒழுங்குவிதியில் இருக்கிறது."

"அந்த இடத்தில் யாரை வைக்கப்போகிறீர்கள்?"

"ஒருவரையும் இல்லை. இப்போது எல்லோரும் எரிக்கிறார்கள். இடம் ஏராளமாகக் கிடக்கிறது. புல் விதைப்போம்."

"இடம் கிடக்கிறதென்றால் ஏன் எடுக்கிறீர்கள்?"

பூசர் அன்பாகச் சிரித்தார். "இடம் இல்லாமல் எடுத்தால் அது நிர்ப்பந்தம். இடம் இருக்கும்போது எடுத்தால்தான் அது சமத்துவம்."

யேசுதாசன் மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அம்மாவை வெளியாலை எடுக்கப்போகினமோ எண்டு கேள்."

அவள் கேட்டாள்.

"இல்லை, இல்லை! அவர் கீழேயே இருக்கலாம்," என்றார் பூசர். "நாங்கள் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. பெயர் மட்டும்தான் போகும். கல்லை விரும்பினால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் நாங்களே உடைத்துப் பயன்படுத்துவோம். இந்த நகரத்தில் எதுவும் வீணாவதில்லை."

வீடு மூன்றாம் மாடி. பல்கனியில் கல்லறைக் கல் வைக்கலாமா என்று வீட்டு நிர்வாகத்தைக் கேட்டார்கள். பாரத்தைப் பொறுத்தவரை ஆட்சேபம் இல்லை, ஆனால் கீழ்வீட்டுக்காரரின் பார்வைக்கு அது மனச்சோர்வு தரலாம் என்று பதில் வந்தது. பூசர் ஆறு மாதத் தவணை கொடுத்தார். அதையும் அன்பாகத்தான் கொடுத்தார்.

இதற்கிடையில் எலும்பை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வைகாசிக் கூட்டத்தில் அம்மையார் முடிவை வாசித்தார். எலும்பு பூனையுடையது அல்ல. முயலின் பின்னங்கால். சீனத்து முயலும் அல்ல. நகரத்துக்குப் பின்னால் தெரிகிற யூரா மலையில் ஓடித்திரிகிற இனம். வயது நூற்றுச்சொச்சம். சமைத்த அடையாளம் உண்டு.

இனிக் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று யேசுதாசன் கையை முடிச்சுக்குக் கொண்டுபோனார்.

"இது எங்கள் பணியை இன்னும் ஆழமாக்குகிறது," என்றார் அம்மையார்.

தத்துவப் பேராசிரியர் தலையை ஆட்டினார். "இந்த முயல் நூறு வருடமாகப் பூனையாக இருந்திருக்கிறது. தன்னை ஒரு பேரரசரின் பூனையாக இந்த நகரத்துக்குத் தந்திருக்கிறது. அதன் அடையாளத்தை மறுக்க நாங்கள் யார்? ஆவணம் கேட்பது வன்முறை."

மிருகவைத்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சமைத்த அடையாளம் என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பில் சேர்க்காமல் விடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார்.

யேசுதாசனுக்குத் தன்னுடைய அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. ஞானஸ்நானச் சாட்சிப்பத்திரத்தில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்துக்காக அவர் யேசுதாசன்தானா என்று தீர்மானிக்க இந்த நாட்டுக்கு ஆறு வருடம் எடுத்தது. அவர் கையை முடிச்சிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்.

எலும்பைக் காட்சிக்கு வைப்பது மாண்புக்குப் பங்கம், அதை அடக்கம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நித்தியத்துக்கும்," என்றார் ஹெர் பூசர்.

யேசுதாசன் நிமிர்ந்தார். "ஹெர் பூசர், இருபது வருடம் இல்லையா?"

"அது மனிதர்களுக்கு," என்று பூசர் பொறுமையாக விளக்கினார். "மனிதர்களுக்கு உறவினர் இருக்கிறார்கள், நினைத்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். கல் எதற்கு? இந்த உயிருக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே அதன் நித்தியம் எங்கள் பொறுப்பு."

எங்கே புதைப்பது என்பதில்தான் சிக்கியது. அருங்காட்சியகத் தோட்டத்துக்கு அடியில் எரிவாயுக் குழாய். காட்டில் நரி தோண்டும். மயானத்தில் மிருகத்துக்கு இடமில்லை என்ற விதியைத் திருத்துவது பூசருக்குக் கடினமில்லை. ஆனால் எந்தக் குடும்பம் தன் ஆட்களுக்குப் பக்கத்தில் பூனையைச் சம்மதிக்கும்? வாக்காளர்கள் அல்லவா?

யேசுதாசன் அன்றுதான் முதல்முறையாகக் கை உயர்த்தினார்.

"என் மனைவியின் இடத்தில் வையுங்கள்."

அம்மையாரின் கண் கலங்கியது. "ஆசியாவின் மடியில் ஆசியா," என்று பேராசிரியர் முணுமுணுத்துவிட்டு, அதை உடனே எழுதிக்கொண்டார்.

"ஆனால் கல்லைத் தொடக்கூடாது," என்றார் யேசுதாசன். "பெயர் இருக்க வேண்டும்."

"பெயர் விடயத்தில் மாண்பான ஒரு தீர்வு காணப்படும்," என்றார் பூசர். அது குறிப்பில் பதியப்பட்டது. எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த சரணியா அவர் சொன்னதைக் குசினியில் நின்றபடியே கேட்டாள். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கோப்பையைப் படாரென்று வைத்தாள்.

"விசரோ அப்பா உங்களுக்கு? அம்மாவுக்கு மேலை முயல் எலும்போ?"

"பூனை எலும்பு. கொமிசன் முடிவெடுத்திட்டுது."

"பகிடி விடாதேங்கோ!"

"பகிடி இல்லைப் பிள்ளை. வடிவா யோசிச்சுப் பார். நாங்கள் கெஞ்சினாலும் அவங்கள் புல்லுத்தான் போடுவாங்கள். இந்த எலும்பு உள்ளுக்கை போனா, உலகம் அழியுமட்டும் ஒருத்தரும் அந்த இடத்தைத் தொடேலாது. கொம்மா நிம்மதியாக் கிடப்பா. அது உன்ரை சின்னவிரலளவும் வராது. அவவுக்குப் பாரமே இல்லை."

சரணியா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"கல்லு நிக்குமோ?"

"தீர்வு காணப்படும் எண்டு எழுதியிருக்கு."

"என்ன தீர்வு?"

"மாண்பான தீர்வு."

"அப்பா, நான் இஞ்சை பிறந்தனான். இவையள் மாண்பு எண்டு சொல்லேக்கை நான் கதவைப் பூட்டிப்போடுவன்," என்றாள் சரணியா. ஆனால் அவளிடமும் வேறு யோசனை இருக்கவில்லை.

அடக்கம் புரட்டாதி மாதம் நடந்தது. தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியக் குழு வந்தது. பாடசாலைப் பிள்ளைகள் காகிதத்தில் பூனைக்காது செய்து போட்டுக்கொண்டு வந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தார். அருங்காட்சியகம் திறந்த நாளுக்குப் பிறகு இவ்வளவு சனத்தை யேசுதாசன் காணவில்லை. அவர் கறுப்புக் கழுத்துப்பட்டியோடு, சரணியாவின் கையைப் பிடித்துக்கொண்டு புதிதாகப் போட்ட சரளைப் பாதையில் நடந்து போனார்.

இமெல்டாவின் கல் இல்லை. அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பளிங்கு நின்றது. அதில் பொன்னிறத்தில் சீன எழுத்துகள்; கீழே ஜெர்மனில் பனிப்புருவம்.

"ஹெர் பூசர்," என்றார் யேசுதாசன். அதற்கு மேல் ஜெர்மன் வரவில்லை.

"கீழே பாருங்கள், கீழே," என்று பூசர் அவருடைய முழங்கையைத் தொட்டுக் காட்டினார். பளிங்கின் அடியில் ஒரு விளக்கத் தகடு இருந்தது. பேரரசரின் கதை, பெட்டியின் கதை, அன்பளித்த பொத்தான் குடும்பம், ஆணைக்குழுவின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி:

முன்னைய பாவனையாளர்: இ. யேசுதாசன் (1998–2019).

சரணியா இரண்டு தடவை வாசித்தாள். "அது அம்மா பிறந்த வருடமும் இறந்த வருடமும் இல்லை."

"இந்த இடத்தைப் பாவித்த காலம்," என்றார் பூசர். "மயானப் பதிவில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். பெயரை வைத்திருக்கிறோம் பார்த்தீர்களா? ஒழுங்குவிதிப்படி அதற்கு அவசியமே இல்லை. உங்கள் தந்தைக்காகச் செய்தது."

"அம்மாவின் கல் எங்கே?"

"வீணாகவில்லை," என்று பூசர் காலடியைக் காட்டினார். "நீங்கள் நிற்கிறீர்களே."

சரணியா குனிந்து பாதையைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சரளை. நல்ல சப்பாத்தோடு அதில் முழங்கால் போட்டு இருந்து கிளறத் தொடங்கினாள். எழுத்துள்ள துண்டு ஒன்றும் அகப்படவில்லை, நன்றாகத்தான் உடைத்திருந்தார்கள். இரண்டு கைப்பிடி அள்ளிக் கைப்பைக்குள் போட்டாள். தோட்டக்காரர் ஒருவர் வந்து, பாதைக் கல் நகரசபையின் சொத்து என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தள்ளிப்போய் நின்றார்.

பூசர் மேடையேறினார். "ஒரு சமுதாயத்தின் தரம், பேச முடியாதவர்களுக்கு அது என்ன செய்கிறது என்பதில் தெரியும்," என்றார். "பேசக்கூடியவர்களுக்கு ஒழுங்குவிதி இருக்கிறது. பேச முடியாதவர்களுக்குத்தான் இதயம் தேவைப்படுகிறது. நாங்கள் அதை இன்று ஒரு சதுர மீற்றரில் நாட்டியிருக்கிறோம்." நீண்ட கைதட்டல்.

பிறகு பூர்வீகச் சமூகத்தின் பிரதிநிதி அழைக்கப்பட்டார். அவருக்கென்று அம்மையார் எழுதிக் கொடுத்திருந்த வரிகள் சட்டைப்பையில் இருந்தன. யேசுதாசன் அவற்றை எடுக்கவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, இறந்தவர்களுக்குச் சொல்லுகிற செபத்தைத் தமிழில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னார். இமெல்டா என்று வருகிற இடங்களில் குரல் உடைந்தது. உடைந்தால் நிறுத்தி, இருமி, மறுபடி அந்தப் பெயரையே சொன்னார். சனம் தலையைக் குனிந்தது. அடுத்த நாள் பத்திரிகையில், பனிப்புருவத்துக்கு ஆசிய மொழியில் இமெல்டா என்று பெயர் எனப் போட்டிருந்தார்கள்.

சரணியா அந்தத் தகட்டுக்கு எதிராக எழுதிக்கொண்டேயிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பதில் எல்லாவற்றிலும் புரிந்துணர்வு இருந்தது. கடைசியில் அவள் நகரசபைக்கு எழுதுவதை விட்டுவிட்டாள். தந்தையோடு கல்லறைக்கு வருவதையும் விட்டுவிட்டாள். "எனக்கு அந்தப் பூனையைப் பார்க்கேலாது அப்பா," என்றாள். "நீங்கள் செய்ததிலை பிழை இல்லை. எண்டாலும் பார்க்கேலாது."

யேசுதாசனின் கதிரையை அருங்காட்சியகம் சனிக்கிழமைகளில் மயானத்துக்கு மாற்றியது. பளிங்கைத் தொடவேண்டாம் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. உண்மையாகவே சனம் வந்தது. சூரிச்சிலிருந்து வந்தார்கள், பாசலிலிருந்து வந்தார்கள், பூனை செத்த துக்கத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அந்தக் குழிமேல் இருபது வருடத்தில் விழாத பூவெல்லாம் இப்போது விழுந்தது. அவர் வாடினதை எடுத்து நல்லதை நேராக்கி வைப்பார். பொடி எழுத்து வரி மறையாதபடி பூச்சாடிகளைக் கொஞ்சம் விலக்கி வைப்பார். சரளைப் பாதையில் மட்டும் அவர் நடப்பதில்லை. புல்லில் இறங்கிச் சுற்றிப் போவார். புல்லில் நடக்கக்கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, கம்பளித் தொப்பி போட்ட ஒரு சுவிஸ் கிழவி தனியாக வந்தாள். எரிக்கா என்ற குளிர்காலப் பூச்செடியின் சாடி ஒன்றைக் கொண்டுவந்து பளிங்கின் முன்னால் வைத்தாள். நெடுநேரம் நின்றாள். பிறகு அவருடைய கழுத்துப்பட்டியையும் முகத்தையும் பார்த்தாள்.

"உங்களுக்கு வேண்டியவரா?"

"ஓம்," என்றார் யேசுதாசன். தமிழில் சொன்னது நினைவு வந்து, ஜெர்மனில் திருப்பிச் சொன்னார்.

"பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்து இங்கே கிடக்கிறது. நிறையக் கஷ்டப்பட்டதா?"

"ஏழு மாதம்," என்றார் அவர். "கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை."

கிழவி கையுறையைக் கழற்றி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை சூடாக இருந்தது.

"பூனைகள் அப்படித்தான்," என்றாள். "நோவை வெளியில் காட்டாது."

"இல்லை," என்றார் யேசுதாசன். "காட்டவேயில்லை."